நட்சத்திரப் பொருத்தம்

"தவளை கத்துதாமுங்ணா!"

இரவு பத்தரை மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் யாரென்று என் மனைவி கேட்பதில்லை. "ஒத்தை நட்சத்திரமா?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஆமாம், அவரேதான். தேனிலவுக்கு இடம் தேடும் மாப்பிள்ளை. ஊட்டிக்குத் தேடுகிறவர், மாலத்தீவுக்குத் தேடுகிறவர் என்று ஊருக்கு ஊர் உண்டு. எங்களுடையவர் நியூஜெர்சிவாசி என்பதால் கரீபியன் தீவு தேடுகிறார். ஐந்து மாதமாகத் தேடுகிறார். பெண் பார்த்தது ஒரே ஒரு வீடியோ கால், இருபது நிமிஷம். அதிலும் எட்டு நிமிஷம் 'கேக்குதுங்களா, கேக்குதுங்களா' என்றே போயிற்று. ஜோசியர் ஜாதகம் பார்க்க அரைமணி எடுத்துக்கொண்டார்; பத்துக்கு ஏழு தேறியது. மண்டபம், சமையல்காரர், பட்டு எல்லாம் கோயமுத்தூரில் அப்பாவும் அம்மாவும் ஒரு வாரத்தில் முடித்துவிட்டார்கள். ஆயுசு பூராவும் கூட வாழப்போகிறவளை இவ்வளவு சுலபமாக முடிவு செய்தவருக்கு, அவளோடு ஆறு ராத்திரி தங்கும் ஓட்டலை முடிவு செய்ய நூற்றைம்பது ராத்திரி போதவில்லை.

நான் செய்த தப்பு, தமிழ்ச் சங்கப் பந்தியில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டு தடவை பார்படோஸ் போய் வந்திருக்கிறேன் என்று சாம்பார் சாதத்துக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் கரீபியன் கடலுக்கே காவல்காரன்.

இவர் ரிவ்யூ படிக்கும் விதம் தனி. ஒரு ஓட்டலைப் பற்றி இரண்டாயிரம் பேர் எழுதியிருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். "அதெல்லாம் அவங்களே ஆள் வெச்சு எழுதிக்கறதுங்ணா." மட்டமானது முதலில் வரும்படி வரிசையை மாற்றி வைத்துக்கொண்டு, ஒற்றை நட்சத்திரக்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிடுவார். துக்க வீட்டில் ஒவ்வொருவராக விசாரிப்பது போல விசாரிப்பார். பிறகு எனக்குப் போன் போட்டு, அவரவர் குரலிலேயே படித்தும் காட்டுவார்.

அப்படித்தான் ஓஹையோ தாத்தா எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு காலையில், அவருக்கு வந்த ஆம்லெட் ஆறிப்போயிருந்தது. அதற்கு நாலு பாரா. மூன்றாவது பாராவில் அவருடைய முழங்கால் வலி வருகிறது. நாலாவதில் 1987-ல் அவர் ஹவாய் போனபோது ஆம்லெட் எவ்வளவு சூடாக இருந்தது என்பது வருகிறது. மான்செஸ்டர் அம்மாள் ஒருத்தி. அவள் பிடித்து வைத்திருந்த சாய்வு நாற்காலியில் எவனோ துண்டு போட்டுவிட்டான். இன்னொரு மகானுபாவர் ஓட்டலுக்குப் போகவே இல்லை. விமானத்தைத் தவறவிட்ட கோபத்தில் ஓட்டலுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். "பாவம்ணா, மனசு நொந்து எழுதியிருக்கார்" என்று அவருக்காகவும் இவர் ஓட்டலைத் தள்ளினார்.

எனக்குத் தெரிந்தவரை, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினவன் வீட்டுக்கு வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறான். ஆம்லெட் ஆறினவன்தான் பேனா எடுக்கிறான். இதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

இவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: தீவு கலகலவென்று இருக்க வேண்டும். "சும்மா கடலைப் பார்த்துட்டு உக்காந்திருக்க முடியாதுங்ணா. பாட்டு, டான்ஸ், கடைத்தெரு, ஜனங்க நடமாட்டம் எல்லாம் வேணும். ஆனா ரூம்ல சத்தம் கேக்கக் கூடாது. கூட்டமும் ஆகாது." கல்யாண வீடு வேண்டும், மேளம் கூடாது.

முதலில் அருபா. நல்ல யோசனைதான். இவருக்குப் புயல் பயம் உண்டு. 2024 ஜூன் 29 அன்று பார்படோஸின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் ஜெயித்துக் கோப்பை வாங்கிய நம் கிரிக்கெட் அணி, பெரில் புயலால் ஊர் திரும்ப முடியாமல் ஓட்டலில் முடங்கியதைக் கண் கொட்டாமல் பார்த்தவர் இவர். "கோப்பையோட மாட்டிக்கிட்டாங்களேங்ணா! நாங்க பொண்டாட்டியோட மாட்டிக்கிட்டா?" புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, நீ போகப் போவது பிப்ரவரி, தம்பி என்றேன். தலையாட்டினாரே ஒழிய மனசு ஆறவில்லை. அருபா வெனிசுலாவுக்குப் பக்கத்தில், புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே ஒதுங்கி இருக்கிறது. பாம் பீச்சில் அடுக்குமாடி ஓட்டல்கள், சூதாட்ட அரங்கு, ராத்திரிக் கடைகள் எல்லாம் உண்டு. சந்தடி வேண்டாதவர்களுக்குப் பக்கத்திலேயே ஈகிள் பீச் இருக்கிறது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஒற்றை நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது: 'காற்றில் என் தொப்பி பறந்துவிட்டது.'

அருபாவில் காற்று அடிக்கத்தான் செய்யும். வருஷம் பூராவும் ஒரே பக்கமிருந்து வீசுவதால் அங்கே டிவி-டிவி மரங்களே, கூந்தலை ஒரு தோளில் எடுத்துப் போட்ட மாதிரி, தென்மேற்காகச் சாய்ந்து வளர்கின்றன. அந்த வெயிலில் ஆளை உட்கார விடுவதே அந்தக் காற்றுதான். இதையெல்லாம் விளக்கினேன். "தொப்பி போச்சேங்ணா" என்றார். போன தொப்பி யாருடையதோ. கழிந்தது அருபா.

அடுத்தது செயின்ட் மார்ட்டின். ஒரே தீவை 1648-ல் பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் பாகப்பிரிவினை செய்துகொண்டு, இன்றுவரை ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பக்கம் கிராண்ட் கேஸில் ராத்திரிச் சாப்பாடு. டச்சுப் பக்கம் சிம்ப்சன் பேயில் பாட்டுக் கச்சேரி. நடுவில் எல்லையில் நிறுத்திக் கேட்க ஆள் கிடையாது. மாஹோ கடற்கரை விமான ஓடுபாதையின் தலைமாட்டில் இருக்கிறது. இறங்குகிற விமானம் குளிக்கிறவர்களின் தலைக்கு மேல், கல்லெறி தூரத்தில் போகும். அதைப் பார்க்கவே ஜனங்கள் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் கடற்கரையில் ரூம் எடுத்துக்கொண்டு ஒருவர் எழுதியிருக்கிறார்: 'விமானச் சத்தம்.' சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போய்க் 'கூட்டம்' என்று எழுதுகிற ஆசாமி. நம்மவர் அவரைத்தான் நம்பினார்.

செயின்ட் லூசியாவுக்கு வந்தபோது பட்டென்று இரண்டு பாறைச் சிகரங்களின் படத்தை அனுப்பினார். பிட்டன் மலைகள், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, கடலிலிருந்து நேராக எழும்பி நிற்கும். அவற்றின் அடிவாரத்தில் ஓட்டல். வெள்ளிக்கிழமை ராத்திரி க்ரோ ஐலெட்டில் தெருவை அடைத்துப் போட்டு ஆடுவார்களே, அதற்கு நடந்து போய்விடலாமா என்று கேட்டார். மலை தென்மேற்கில், க்ரோ ஐலெட் வடக்குக் கோடியில். நடுவில் கொல்லிமலை ரோடு மாதிரி வளைந்து வளைந்து போகும் பாதை. வரைபடத்தில் கட்டைவிரல் அகலம் இருந்தால் தீவில் எல்லாம் பக்கம் என்று நினைக்கும் நோய் இவருக்கு மட்டும் இல்லை, கரீபியனுக்கு முதல் தடவை போகிற எல்லாருக்கும் உண்டு. ஆனால் இவர் அந்த ஓட்டலைத் தள்ளியது தூரத்துக்காக இல்லை. 'படிகள் அதிகம்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிற குடும்பம் இது.

ஜமைக்கா ஒரு சனிக்கிழமை காலையில் வந்து சாயங்காலத்துக்குள் போய்விட்டது. புன்டா கானா மூன்று நாள் நின்றது. டொமினிக்கன் குடியரசின் கிழக்குக் கோடி. மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டால் சாப்பாடு, குடி, ஆட்டபாட்டம் எல்லாம் வாடகைக்குள் அடக்கம். எனக்கு அந்த ஏற்பாட்டில் பெரிய மரியாதை இல்லை. ஆறு நாள் கழித்து வெளியே வந்தால் ஓட்டலைப் பார்த்திருப்போம், ஊரைப் பார்த்திருக்க மாட்டோம். இவருக்குக் 'காசு கணக்குப் பார்க்க வேண்டாம்' என்பது பிடித்திருந்தது. கடைசியில் குளத்தங்கரையில் மைக்கோடு வந்து எல்லாரையும் ஆடக் கூப்பிடும் பையன்களைப் பற்றிப் படித்துவிட்டார். "நாம ஆடலைன்னா விட்டுடுவாங்களாங்ணா? கையைப் பிடிச்சு இழுப்பாங்களாமே?" குரலில் நிஜமான பயம்.

டிரினிடாடைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கார்னிவல் நடக்கும் திங்களையும் செவ்வாயையும் விடக் கலகலப்பு பூமியில் எங்கேயும் கிடையாது. அதனாலேயே திறக்கவில்லை. குவாதலூப், மார்ட்டினிக் பக்கம் நம்மூர்க்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே தங்கி, மாரியம்மன் கோயில் கட்டி, மசாலாப் பொடிக்குக் 'கொலம்போ' என்று பேரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லியிருப்பேன். கோயில் பூசாரிக்கு எத்தனை நட்சத்திரம் என்று தேடுவார்.

கடைசியில் பார்படோஸ். அங்கேதான் தவளை.

அந்த ஊர் 431 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி அளவுதான். மேற்குக் கரையில் கடல் குளம் மாதிரி இருக்கும், பணக்காரர்கள் இருப்பார்கள், ஒன்பது மணிக்கு விளக்கணைத்துவிடுவார்கள். கிழக்கில் அட்லாண்டிக் அலை. பார்க்கலாம், இறங்கக் கூடாது. கலகலப்பு வேண்டுமென்றால் தெற்குக் கரை. செயின்ட் லாரன்ஸ் கேப் என்று ஒரு தெரு, ஒரு மைலுக்கும் குறைவு, முழுக்க சாப்பாட்டுக் கடை, மதுக்கடை, பாட்டு. நேரே அந்தத் தெருமேல் ரூம் எடுக்காமல், ஒரு பக்கம் வொர்த்திங்கிலோ மறுபக்கம் மேக்ஸ்வெல்லிலோ எடுத்துவிட்டால், நடந்து போய்க் கலகலப்பைப் பார்த்துவிட்டு, நடந்து வந்து தூங்கலாம். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். பாட்டை அலறவிட்டுக்கொண்டு இசட்.ஆர். வேன்கள் ஓயாமல் வரும், மடியில் உட்கார வைக்காத குறையாக ஆள் ஏற்றும். வெள்ளிக்கிழமை ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தை. வேலை வெட்டி இல்லாமல் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசிச் சிரிப்பதற்கு அங்கே 'லைமிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நம் திண்ணைதான், கையில் ரம் இருக்கும். ஐந்து மாதமாகக் கேட்ட கேள்விக்கு ஒரே மூச்சில் சொன்ன பதில் இது.

"எல்லாம் சரிங்ணா. டால்ஃபினைப் பொரிச்சு விக்கறாங்களாமே? ஒருத்தர் அழுதுட்டே எழுதியிருக்கார்."

மாஹி மாஹி என்கிற மீனுக்கு அந்த ஊரில் டால்ஃபின் என்று பேர். குதிக்கிற டால்ஃபின் வேறு, தட்டில் வருகிற டால்ஃபின் வேறு. அதைத் தெளிவித்து முடித்த மறுநாள்தான் தவளை வந்தது. 'ராத்திரி முழுக்கத் தவளைகள் விசில் அடிக்கின்றன. நிர்வாகத்திடம் புகார் செய்தும் பயனில்லை.' ஒரு நட்சத்திரம்.

அந்தத் தவளையை எனக்குத் தெரியும். முதல் தடவை போனபோது, பொழுது சாய்ந்ததும் ஏ.சி.யில்தான் ஏதோ தேய்கிறது என்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். சத்தம் ஜன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது. செடித் தொட்டியில் ஒவ்வொரு இலையாகப் புரட்டி, போன் விளக்கை அடித்துப் பார்த்தால், என் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு உருவம். தொண்டை மட்டும் பட்டாணி மாதிரி உப்பிற்று, விசில் வந்தது, வற்றிற்று. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். கத்துவது ஆண் தவளை; ஜோடியைக் கூப்பிடுகிறது. அதுவும் தேனிலவுக்குத்தான் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது, நம்மவரை விட வேகமாக.

இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தவளைச் சத்தத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மூன்று ராத்திரி படுத்துப் பார்த்தார். நாலாம் நாள் பத்தரைக்குப் போன். "நல்லா தூக்கம் வந்துச்சுங்ணா. ஆனா இது ரெக்கார்டிங்தானே? நேர்ல எப்படி இருக்குமோ?"

இனி சிரிப்பதாக இல்லை. எனக்குக் காலை ஆறரைக்கு ரயில். ஆகஸ்டில் பார்த்த விமானக் கட்டணம் டிசம்பரில் அதே இடத்தில் நிற்காது; டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அந்தத் தீவுகளுக்கு சீசன், நல்ல அறைகளை விவரமானவர்கள் முன்பே எடுத்துவிடுவார்கள். கண்ணெதிரே மூன்று ஓட்டல் கைநழுவிப் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. ஓஹையோ தாத்தாவின் அபிப்பிராயத்தை நூறு தடவை கேட்டவர், கூட வரப்போகிற பெண்ணிடம் ஒரு தடவை கேட்கவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியுமா? "கேக்கலைங்ணா." கடல் பிடிக்குமா, மலை பிடிக்குமா? "சர்ப்ரைஸ்ங்ணா." மீன் சாப்பிடுவாளா? மௌனம். முகம் தெரியாத ஆயிரம் பேரின் மனக்குறையைச் சுமக்கிறவனுக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரத்தில் இருப்பவளின் ஆசை என்னவென்று தெரியவில்லை. இதை அவரிடமே சொன்னேன், கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் கடற்பாசியைப் பற்றி வந்தது.

கல்யாணம் முடிந்து, டிசம்பரில் இருவரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். பெண் மன்னார்குடி, சிகாகோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், இங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வத்தக்குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டே, "அண்ணா, நீங்க பார்படோஸ் போயிருக்கீங்களாமே, எங்க தங்கினீங்க?" என்றாள். சொன்னேன். வொர்த்திங்கில் மாடியும் தாழ்வாரமுமாக ஒரு சின்ன விடுதி.

"கடலுக்கு நடந்தே போயிடலாமா?"

"நாலு நிமிஷம்."

"ராத்திரி நடந்து திரும்பி வரலாமா?"

"மெயின் ரோடு. வெளிச்சம் இருக்கும், ஜனமும் இருக்கும்."

இடது கையால் போனை எடுத்தாள். மாப்பிள்ளை முகத்தில் ரத்தம் இறங்கியது. "ரிவ்யூ பார்க்காமயா? அங்க தவளை கத்துமாம்!"

"கத்தட்டுமே. மழைக்காலத்துல தவளை கத்தாம எங்க வீட்ல யாரும் தூங்கினதே இல்ல."

பாயசம் வருவதற்குள் பணம் கட்டியாயிற்று.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு போன் அடித்தது. அங்கே பதினொன்றரை. பின்னால் பாட்டு, ஜனச் சத்தம், எண்ணெயில் ஏதோ பொரிகிற ஓசை. "கேக்குதுங்களாண்ணா?" என்று அலறினார். ஆய்ஸ்டின்ஸ். தலை நரைத்தவர்களெல்லாம் பழைய பாட்டுக்கு ஜோடி ஜோடியாக ஆடுகிறார்களாம், காலை எடுத்து வைக்கிற அழகே அழகாம்.

"நீ ஆடினியா?"

"அவ இழுத்துட்டுப் போயிட்டாங்ணா." கொஞ்சம் தள்ளி ஒரு பெண் சிரிப்பது கேட்டது. அதற்குமேல் அவர் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

திரும்பி வந்ததும் கேட்டேன்: "அந்த விடுதிக்கு ரிவ்யூ எழுதிப் போட்டியா?"

விநோதமாகப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? அதுல எழுத என்னங்ணா இருக்கு?"

ஆகவே, கரீபியனில் தங்கி, ஆம்லெட் சூடாகக் கிடைத்து, தவளைச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கி வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இரண்டு வரி எழுதிப் போடுங்கள். மாப்பிள்ளையின் தம்பிக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.